ஒன்றரை ரீல் சூரியன்

பழனி மலைத்தொடரின் கிழக்கடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேற்கு வானம் முழுமையாகக் கிட்டுவதில்லை. சமவெளி ஊர்களில் கதிரவன் நிலத்தைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கள் வத்தலக்குண்டிலோ அது மலைமுகட்டுக்குப் பின்னால் சற்று முன்கூட்டியே ஒளிந்துவிடும். ஷஅபான் மாதத்து இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பள்ளிவாசல் மொட்டை மாடியில் பெரியவர்கள் புருவத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இளம்பிறை தோன்றியிருந்தாலும் மலை அதை எங்களுக்குக் காட்டாது. மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ சேதி வந்த பிறகுதான் நோன்பா, இல்லையா என்பது முடிவாகும். ஆகவே, வானத்தைப் பற்றிய செய்தி எங்களுக்குப் பெரும்பாலும் பிறர் வாய்வழியாகவே வந்து சேர்ந்தது. எனது இளம்பிராயத்தில் அது சினிமாக் கொட்டகையின் வழியாகவும் வந்தது. அந்த வழியைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

எங்கள் அத்தா கமிஷன் மண்டி வைத்திருந்தார்கள். கொடைக்கானல் மலையில் விளைகிற உருளைக்கிழங்கு, பூண்டு, பிளம்ஸ், பேரிக்காய், மலைவாழை ஆகியவை லாரிகளில் இறங்கி எங்கள் மண்டிக்கு வரும். தொழுகை, கணக்கு, கடன் பாக்கி இவை மூன்றுக்கும் அப்பால் அத்தா அதிகம் பேசியதில்லை. சினிமாவை அவர்கள் வெறுத்தார்கள் என்று சொல்வதைவிட, அது இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்வது பொருந்தும். சோதனைபோல, அம்மாவின் தம்பி, அதாவது என் மாமு, ஊருக்கு வெளியே கூடாரம் அடித்திருந்த ஒரு டூரிங் டாக்கீஸில் எஞ்சின் ஓட்டும் வேலையில் சேர்ந்தார். எண்ணெய் எஞ்சினும் ஜெனரேட்டரும் அவர் பொறுப்பு. நாளடைவில் படம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். சம்பள நாளன்று மாமு அல்வாவும் காராபூந்தியும் வாங்கி வருவார். அத்தா சண்டை பிடித்ததில்லை. "வாங்க மாப்பிள்ளை" என்று முகம் கோணாமல் வரவேற்பார்கள். ஆனால் தம் முன்னே வைக்கப்பட்ட தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்திவிடுவார்கள். அந்தத் தட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் சினிமா என்பது இந்தத் தட்டின் வடிவில்தான் இருந்தது.

டூரிங் கொட்டகை என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். கித்தான் கூரை, சுற்றிலும் தட்டி, தரையில் ஆற்று மணல். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாலைந்து வரிசை நாற்காலி. பெண்களுக்குத் தனியே ஒரு தடுப்பு. ஒரே ஒரு படக்கருவிதான் என்பதால் ரீல் முடியும்போதெல்லாம் விளக்குப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். முறுக்கும் சோடாவும் அந்த இடைவெளிகளில்தான் விற்பனை ஆகும். எங்கள் கொட்டகை முதலாளி நம்மவர் அல்லர். எனினும் மக்ரிப் பாங்கு முடியும்வரை ஒலிபெருக்கியில் பாட்டுப் போடமாட்டார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அவராக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

மாமுவின் தயவால் நான் மணலில் உட்காராமல் ஆபரேட்டர் அறைக்குள் நின்று படம் பார்க்கும் பேறு பெற்றேன். அங்கே திரையைவிட எனக்கு அந்தக் கருவியே பெரிய காட்சியாக இருந்தது. செம்புப் பூச்சுப் பூசிய இரண்டு கரிக்குச்சிகள், நுனியோடு நுனி நெருங்கியும் தொடாமலும் நிற்கும். மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவுகிறபோது பிறக்கும் வெள்ளொளியை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. கறுப்புக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்க்கவேண்டும். பின்னாலுள்ள குழியாடி அவ்வொளியைத் திரட்டிப் படச்சுருளின்மீது வீசும். குச்சி எரிந்து தேயத் தேய, மாமு திருகைத் திருகி நெருக்கிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளாகிவிடும். கீழேயிருந்து சீழ்க்கை பறக்கும். நொடிக்கு இருபத்துநான்கு படங்கள், ஆயிரம் அடி ரீலுக்குப் பதினொரு நிமிடம் என்ற கணக்கை மாமு எனக்கு வாய்ப்பாடு போல ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார். எரிந்து மீந்த கரித்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து என் தங்கைகள் தரையில் பாண்டிக் கட்டம் போடுவார்கள்.

அந்த அறையில் நின்றுகொண்டுதான் 'கலை அரசி'யைப் பார்த்தேன். 1963இல் வெளியான படம். எங்கள் கொட்டகைக்கு வர ஓராண்டு பிடித்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து, காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கோளிலிருந்து பறக்கும் தட்டில் இறங்குகிறார் நம்பியார். அவர்களுடைய உலகத்தில் விஞ்ஞானம் உச்சத்துக்குப் போய்விட்டது. ஆனால் கலை இல்லை. எனவே பூமியில் சிறந்த பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பாட்டுக் கற்றுத்தர! ககாரின் விண்ணைச் சுற்றிவந்து இரண்டே ஆண்டு கடந்திருந்த நேரத்தில், தமிழில் ஒருவர் இப்படியொரு கதையை நினைத்தாரே என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். விண்வெளிக்குப் போகும் இந்தியப் படங்களில் இதுவே முன்னோடி என்று சொல்லுவோர் உண்டு. இதற்கும் முன்னதாக 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' என்றொரு படம் எடுத்தனர். அதில் ஆதிகாலத்து மயிர் யானைகள் வரும். நம் ஊர் யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நடக்கவிட்டார்கள். வெயிலில் அந்த ஜீவன்கள் என்ன பாடுபட்டனவோ!

படம் விட்டு வந்த இரவில் அடக்கமாட்டாமல் கதையை வீட்டில் சொல்லிவிட்டேன். அத்தா தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்காதவர்கள் போலக் கேட்டுவிட்டு, கடைசியில், "அத்தனை தூரம் வந்தவங்க பாட்டுக்காகவா வந்தாங்க?" என்றார்கள். அம்மா சிரித்துவிட்டார்கள். மாமுவும் சிரித்தார். அல்வாத் தட்டு மட்டும் வழக்கம்போல் என் பக்கம் நகர்ந்தது.

இரண்டு ஆண்டு கழிந்து அத்தாவோடு மதுரைக்குப் போயிருந்தோம். மொத்த வியாபாரிகளிடம் கணக்கு முடிக்க அத்தாவுக்கு இரவாகும். "பையனை விக்டோரியா எட்வர்ட் மன்றத்துக்குக் கூட்டிப் போறேன் மச்சான், நல்ல நூலகம்" என்றார் மாமு. சொன்னதில் பொய்யில்லை. மதுரை ரயில் நிலையத்தின் அருகே மேலவெளி வீதியிலிருக்கும் அம்மன்றம் உண்மையிலேயே நூலகம்தான். ஆனால் மாலையானால் அங்கேயே ரீகல் டாக்கீஸ் என்ற பெயரில் ஆங்கிலப் படம் காட்டுவார்கள். பகலில் பத்திரிகை, மாலையில் படம். அறிவையும் கேளிக்கையையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அந்த ஏற்பாட்டை மதுரைக்காரர்கள் இயல்பாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முதலில் நூலகத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். மாமு நியாயவான்.

அன்று ஓடியது 'ஃபர்பிடன் பிளானட்' என்ற பழைய படம். 1956இல் எடுத்தது. விலக்கப்பட்ட கோள் என்பது பொருள். அகன்ற திரை, கண்ணைப் பறிக்கும் வண்ணம், அதுவரை நான் கேட்டிராத ஓசைகள். வீணையுமல்ல, வயலினுமல்ல. மின்சுற்றுகளிலிருந்தே பிறப்பித்த இசை அது. முழுக்க முழுக்க இப்படி அமைந்த முதல் திரைப்படம் அதுதான் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். கதை நடக்கும் இடம் ஆல்ட்டேர் என்னும் விண்மீனின் நான்காம் கோள். அங்கே முன்னொரு காலத்தில் வாழ்ந்த பேரறிவு படைத்த இனம் ஒன்று, நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் உருவாக்கும் இயந்திரத்தை நிலத்தடியில் அமைத்தது. ஆனால் ஒரே இரவில் அடியோடு அழிந்துபோயிற்று. அந்த இயந்திரத்தோடு தனித்து வாழும் ஓர் அறிஞனும் அவன் மகளும், அங்கே வந்திறங்கும் கப்பல் வீரர்களும்தான் பாத்திரங்கள். கண்ணுக்குத் தெரியாத அரக்கன் ஒருவன் இரவில் வந்து வீரர்களைக் கொல்கிறான். அவன் வெளியேயிருந்து வந்தவன் அல்லன். அந்த அறிஞனின் உறக்கத்திலிருந்தே எழுந்து வருகிறவன்.

ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. மாமுவுக்கும் அரைகுறைதான். பேருந்து நிலையம் போகும் வழியெல்லாம் நாங்கள் கதையைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்த்தோம். "அவனோட கோபந்தான் உருவெடுத்து வருது" என்பதுவரை மாமு கண்டுபிடித்துவிட்டார். அதற்குமேல் எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் எங்கள் மக்தபின் ஹஜ்ரத். வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர். மறுநாள் அவரிடம் "ஒரு கதை கேட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே கேட்டாய் என்று அவர் வினவவில்லை. நூலகத்தில் என்று நினைத்திருக்கலாம். தாடியை நீவிக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, "அது நஃப்ஸு" என்றார். ஒரே சொல். ஹாலிவுட்டில் மனோதத்துவ நூல்களைப் புரட்டிக் கட்டிய கதை, அடிவாரத்து மக்தபில் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அறிவு எவ்வளவு வளர்ந்தாலும் நஃப்ஸை அடக்காதவன் கையில் இயந்திரத்தைக் கொடுத்தால் அவ்வூர் மிஞ்சுமா என்று அவர் கேட்ட கேள்வியும் படத்தின் முடிவும் ஒன்றாகவே இருந்தன.

அந்த விண்மீனின் பெயரைச் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. "ஆல்ட்டேரா? அது நம்ம சொல்லுப்பா. அந்நஸ்ருத் தாயிர். பறக்கும் கழுகு" என்றார். ஐரோப்பியர்கள் அரபு வானநூல்களைப் பெயர்த்தபோது கழுகை விட்டுவிட்டுப் பறத்தலை மட்டும் வைத்துக்கொண்டார்கள் போலும். ஆவணி மாதம் நடந்துகொண்டிருந்தது. அன்றிரவு இஷாத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் என்னை நிறுத்தி, ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே காட்டினார். நடுவில் ஒன்று பிரகாசமாகவும், இரு பக்கத்திலும் மங்கலாக ஒவ்வொன்றுமாக மூன்று மீன்கள். அருகில் நின்ற வாழைத்தோட்டக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "இது திருவோணமில்ல!" என்றார். அரபியில் கழுகு, தமிழில் திருவோணம், ஆங்கிலப் படத்தில் அரக்கன் உலவும் கோளுக்குச் சூரியன். அவ்வொளி நம்மை வந்தடைய ஏறத்தாழ பதினேழு ஆண்டு ஆகிறது. அன்று நான் பார்த்த ஒளி, நான் பிறப்பதற்கு முன்னரே அங்கிருந்து புறப்பட்டது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்தப் படங்களில் இருந்த விஞ்ஞானம் பெரும்பாலும் உப்புக்கும் உதவாதது. எங்களுக்கு அவை தந்த பயன், படம் முடிந்த பிறகு தொடங்கியது. மொழி புரியாத படத்தைப் பார்த்துவிட்டு வீடுவரை நடக்கும் மனிதன் சும்மா நடக்கமாட்டான். அடுத்தவனைக் கேட்டே தீரவேண்டும். இன்று படத்துக்கு அடியிலேயே எழுத்தில் எல்லாம் வந்துவிடுகிறது. யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

மழைக்காலத்தில் கூடாரம் பிரிக்கப்பட்ட ஒரு வருடம் மாமு மலைக்கு மின்சார வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கொடைக்கானலில் 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டித் தங்கத் தொடங்கிய நாள்முதல் கோடை மாதங்களில் வெளிநாட்டார் கூட்டம் அதிகம். அவர்களுக்காக ஒரு மண்டபத்தில் 16 மில்லிமீட்டர் கருவியில் எப்போதாவது படம் போடுவார்கள். ஓட்டத் தெரிந்தவர் என்பதால் மாமுவைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். 1968 மே மாதத்தில் லாரியோடு அத்தா மலையேறியபோது நானும் போனேன். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. சரக்கு ஏற்ற முடியவில்லை. ஒதுங்க இடம் தேடி, மாமு இருக்கும் இடமாயிற்றே என்று அந்த மண்டபத் தாழ்வாரத்துக்கு அத்தா வந்தார்கள். சாரல் தாழ்வாரத்துக்குள்ளும் அடித்தது. ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கதவைத் திறந்து, கையால் சாடை காட்டி உள்ளே வரச்சொன்னார். அழைத்தவரை மறுப்பது மரியாதையாகாது. அத்தா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, கடைசிச் சுவரோரம் நின்றார்கள். தம் ஐம்பத்திரண்டாவது வயதில் அவர்கள் முதன்முதலாகக் கண்ட சினிமா அதுதான்.

சாளர இடுக்குகளின் வழியே மலைமஞ்சு உள்ளே வந்துகொண்டிருந்தது. அதனால் கருவியிலிருந்து திரைக்குப் போகும் ஒளிக்கற்றை, தொட்டுவிடலாம் போல் திரண்டு தெரிந்தது. படம் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்'. உலகம் அசையாது நின்ற நாள் என்று சொல்லலாம். 1951இல் ராபர்ட் வைஸ் எடுத்தது. வாஷிங்டன் நகரில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. பீரங்கிகளும் சிப்பாய்களும் சூழ்ந்துகொள்கிறார்கள். தட்டின் பக்கம் திறக்கிறது. மனிதனைப் போன்ற ஒருவன் இறங்கி வந்து, சமாதானமாக வந்திருப்பதாகச் சொல்லி, அங்கியிலிருந்து ஏதோ ஒரு பொருளை எடுத்து நீட்டுகிறான். பதறிய சிப்பாய் ஒருவன் சுட்டுவிடுகிறான். விருந்தாளி விழுகிறான். அவன் நீட்டியது ஆயுதமல்ல, நாட்டின் தலைவருக்குக் கொண்டுவந்த அன்பளிப்பு. அதுவும் நொறுங்கிவிட்டது.

நான் திரும்பி அத்தாவைப் பார்த்தேன். கணக்கு நோட்டு கீழே விழுந்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. சற்றைக்கெல்லாம் மழை விட்டு லாரிக்காரர் வந்து கூப்பிட்டார். அத்தா நோட்டை எடுத்துத் தட்டிக்கொண்டு, அந்த வெள்ளைக்காரப் பெரியவருக்குத் தலையசைத்துவிட்டு வெளியேறினார்கள். என்னை மாமுவோடு விட்டுவிட்டுப் போனார்கள். மீதிப் படத்தில் அந்த விருந்தாளி உலகம் முழுவதும் மின்சாரத்தை அரைமணி நேரம் நிறுத்திக்காட்டுகிறான். மருத்துவமனைகளும் வானில் பறக்கும் விமானங்களும் மட்டும் விதிவிலக்கு. என்ன மென்மை! அந்தக் கட்டம் முடிந்து சிறிது நேரத்தில் மண்டபத்திலும் மின்சாரம் போய்விட்டது. மலையில் மழை நாளில் வழக்கமான சங்கதிதான். எனினும் இருட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமு மட்டும் கருவியைத் தடவிக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை நாங்கள் ஊர் திரும்பினோம். சோற்றுக்கு உட்கார்ந்ததும் அத்தா முதலில் கேட்டது, "அவன் பொழைச்சானா?" என்பதுதான். யாரைக் கேட்கிறார்கள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. மாமு உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். "கையில் ஹதியாவோட வந்தவன். சலாம் சொல்லக்கூட விடலையே" என்று அத்தா இரண்டு முறை சொன்னார்கள். விருந்தாளி இரண்டாம் முறை சுடப்பட்டு மாண்டதையும், அவனுடைய இயந்திர மனிதன் அவனை எழுப்பியதையும் சொன்னபோது மட்டும் முகம் கடுத்தது. "மவுத்தானவனை எழுப்புறது அல்லாஹ் ஒருவனுக்குத்தான்" என்றார்கள். "படத்தில் அவனே அப்படித்தான் சொல்றான் மச்சான். தனக்குக் கிடைத்தது கொஞ்ச கால மூச்சுத்தான், உயிர் கொடுக்கிறது மேலே உள்ளவன் வசம் என்கிறான்" என்றார் மாமு. மாமுவின் அரைகுறை ஆங்கிலம் இங்கே தவறவில்லை. தணிக்கை செய்தவர்கள் வற்புறுத்தி நுழைத்த வசனம் அது என்று பிறகு எங்கோ படித்தேன். எப்படி நுழைந்திருந்தாலும் எங்கள் வீட்டில் அது வேலை செய்தது. அன்று மாமு கொண்டுவந்திருந்த மலைப் பழங்களில் ஒன்றை அத்தா எடுத்துக் கடித்தார்கள். அது சினிமாக் காசா, மின்சார வேலைக் காசா என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கினார். வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு எங்கள் நன்னி, "பிறை பார்த்து துஆ ஓதுற இடத்துல செருப்புக் காலோடவா ஏறிட்டாங்க?" என்று கலங்கிப் போனார்கள். ஊரில் நம்பாதவர்களும் பலர். கொட்டகையில் காட்டுவதைப் போன்ற தந்திரம் என்று வாதிட்டார்கள். ஹஜ்ரத் ஜும்ஆ பயானில் அர்ரஹ்மான் சூராவைச் சுட்டிப் பேசினார். அத்தாவின் கருத்து வேறு தினுசு. "போனது சரி. அங்க ஆள் யாரும் இல்லாதது நல்லதாப் போச்சு" என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இருந்திருந்தா யாரு யாரைச் சுட்டிருப்பாங்களோ!" என்றார்கள். நிலவின் முகத்திலுள்ள பள்ளங்களுக்கு அல்பத்தானி, அஸ்ஸர்காலி, உலூக் பேக் முதலிய நம் வானநூலோரின் பெயர்களும் சூட்டப்பட்டிருப்பதை அப்போது நான் அறிந்திருந்தால் நன்னிக்குச் சொல்லியிருப்பேன்.

இனி, மலைக்கு மேலே இருக்கும் இன்னொரு கொட்டகையைப் பற்றி. கொடைக்கானல் வானாய்வகத்தைத்தான் சொல்கிறேன். 1970இல் அத்தா, மாமு, நான் மூவரும் அங்கே போனோம். கடல்மட்டத்துக்கு 2343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது அங்கே வந்த காரணத்தைக் கேட்டபோது அத்தாவுக்கு உடனே ஈடுபாடு பிறந்துவிட்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமோ என்ற எண்ணம் அதையொட்டி வலுத்தது. சூரியனை நாள்தோறும் கவனிக்க ஓர் இடம் வேண்டுமென்று தேடி, மிச்சி ஸ்மித் என்பார் இம்மலையைத் தேர்ந்தார். 1901இல் பணி தொடங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டு பிரான்சில் மெலியே என்ற மாயவித்தைக்காரர், நிலவின் கண்ணில் குண்டு பாயும் படத்தை எடுத்தார். விண்வெளிக் கதைப் படங்களுக்கெல்லாம் அதுவே பாட்டன். ஆக, கற்பனை வானமும் கணக்கு வானமும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கியிருக்கின்றன. 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்பவர், கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

பஞ்சத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு முடிவாகத் தெரிந்துவிட்டதா என்று அத்தா கேட்டார்கள். சுற்றிக்காட்டியவர் புன்னகைத்து, மழையைச் சொல்லும் அளவுக்கு அது கைகூடவில்லை என்றார். மண்டிக்காரருக்கு இது ஏமாற்றந்தான். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாரே, நல்ல மனுசன்" என்று பிறகு மெச்சிக்கொண்டார்கள்.

அங்கே 1960ஐ ஒட்டி அமைத்த ஒரு தொலைநோக்கியைப் பற்றி விளக்கினார்கள். பதினொரு மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் இரு கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி ஒளியைக் கீழே இறக்குகின்றன. அங்கே இன்னொரு கண்ணாடி அதை மடக்கி, நிலத்தடியில் அறுபது மீட்டர் நீளமுள்ள இருண்ட சுரங்கத்துக்குள் செலுத்துகிறது. அதன் வழியே முப்பத்துநான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரிய பிம்பம் விழுகிறது. பார்வையாளர்களுக்கு வேறோர் அறையில் வெள்ளைப் பலகையின்மேல் சூரியனைக் காட்டினார்கள். கதவை அடைத்ததும் இருட்டு. பிறகு பலகையில் வெளிறிய வட்டம் ஒன்று, அதில் மிளகு தூவினாற்போல் சில புள்ளிகள். அத்தா மாமுவின் தோளில் கைவைத்து, "மாப்பிள்ளை, இதுவும் உங்க கொட்டகைதான்" என்றார்கள்.

மாமுவுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1904 முதல் மேகமில்லாத ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள் என்று சொன்னார்கள் அல்லவா? வெளியே வந்து பைன் மரத்தடியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். அறுபத்தாறு வருடம். நாளுக்கு ஒன்றென்றால் இருபத்துநாலாயிரம் படம். நொடிக்கு இருபத்துநான்கு வீதம் ஓட்டினால் ஆயிரம் நொடி. "பதினேழு நிமிஷம்கூட இல்லை, மச்சான்! ஒன்றரை ரீல்தான்" என்றார். எத்தனையோ பேர் வந்து, வேலைபார்த்து, ஓய்வு பெற்று, மறைந்தும் போய்விட்டார்கள். சேர்த்தது ஒன்றரை ரீல். சூரியனின் புள்ளிகள் கூடிக் குறையும் சுற்று ஒன்று ஏறத்தாழ பதினோராண்டு. அதாவது அந்த ரீலில் அது ஆறு தடவை மூச்சு வாங்கியிருக்கும். இந்தப் படத்தை யாராவது ஓட்டிப் பார்த்தார்களா என்று மாமு அந்த அலுவலரிடம் திரும்பிப்போய்க் கேட்டார். அவர் என்ன பதில் சொன்னார் என்பது நினைவில்லை. கேட்டுவிட்டு வந்த மாமுவின் முகம் நினைவிருக்கிறது.

பிற்காலத்தில் சென்னையில் குளிரூட்டிய அரங்குகளில் நட்சத்திரப் போர்களையும் ஈ.டி.யையும் பார்த்தேன். ஈ.டி. வெளிவந்த 1982ஆம் ஆண்டில், அதற்குப் பதினைந்தாண்டு முன்னரே சத்யஜித் ராய் வங்காளக் கிராமத்துக் குளத்தில் வந்திறங்கும் ஒரு வேற்றுலகச் சிறுவனைப் பற்றித் திரைக்கதை எழுதி, கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க்கின் துணையோடு ஹாலிவுட்வரை போய், எடுக்க முடியாமல் திரும்பிய செய்தி பேசப்பட்டது. அது எடுக்கப்பட்டிருந்தால் நம் நாட்டுக் கொட்டகைகளுக்கு மணலும் முறுக்கும் பொருந்திய விண்வெளிப் படம் ஒன்று கிடைத்திருக்கும் என்று எனக்கொரு ஆதங்கம் உண்டு. எந்திர மனிதர்களும் காலப் பயணங்களும் பின்னர் தமிழ்ப் படங்களில் தாராளமாக வந்துவிட்டன. பேரன்மாரோடு சிலவற்றைப் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டுதான் பார்க்கவேண்டியிருந்தது.

கூடாரக் கொட்டகைகள் தொலைக்காட்சி வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. எங்கள் ஊர்க் கொட்டகை நின்ற இடத்தில் இப்போது கடைகள். கரிக்குச்சி விளக்கு போய், செனான் விளக்கு வந்து, பின்பு படச்சுருளே இல்லாமற் போயிற்று. மர்ஹூம் அத்தாவும், அவர்களுக்குச் சில ஆண்டுகள் பின்னால் மாமுவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமுவின் இரும்புப் பெட்டியில் ஒரு ஸ்பேனர் செட்டும், செம்புப் பூச்சு உரிந்த கரித்துண்டுகள் நாலைந்தும், ஒட்டுப்போட்ட படச்சுருள் துணுக்கொன்றும் இருந்தன. துணுக்கில் இருந்தது யார் முகம் என்று தெரியவில்லை.

வானாய்வகத்தின் பழைய தகடுகளையும் சுருள்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் கணினிப் படங்களாக மாற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் சூரியனை நோக்கும் ஆதித்யா கலத்தை ஏவிய நாட்களில், கல்லூரியில் படிக்கும் என் பேத்தி ஒருத்தி அவற்றில் ஒரு பகுதியை எடுத்து, நொடிக்கு இருபத்துநான்கு என்ற வேகத்தில் ஓட்டிக் காட்டினாள். புள்ளிகள் வந்தன, நகர்ந்தன, பெருகின, அறவே இல்லாமற் போயின, மறுபடி வந்தன. இடையிடையே நாட்கள் விட்டுப்போயிருந்ததால் பிம்பம் துள்ளிற்று. மலையில் அன்றைக்கு மேகம். எங்கள் கூடாரத்தில் ஒட்டுப்போட்ட ரீல் ஓடும்போது துள்ளுமே, அதே துள்ளல்.

"நன்னா, இதுக்குச் சத்தம் எதுவும் சேர்க்கட்டுமா?" என்று கேட்டாள் பேத்தி.

வேண்டாம் என்றேன். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னேன்.